அணிக்குள் புதியவர்களைச் சேர்க்கும் சடங்குகள்: எதை விடுவது, எதை வைப்பது, மகளிர் அணியில் என்ன நடக்கிறது?

(இது ஓர் இணைய உரையாடல் இழை. ஒவ்வொரு பதிவின் மேலும் இருப்பது எழுதியவரின் புனைபெயர்.)

எல்லைக்கோடு

சீசன் தொடங்க இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. ஒரே கிளப்பின் ஆண்கள் அணி, மகளிர் அணி இரண்டுக்கும் பொதுவாக ஒரு நடைமுறைக் குறிப்பு எழுத வேண்டும். "ராகிங் கூடாது" என்று ஒரு வரி எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கும் நிர்வாகங்கள் நிறைய. அப்படி ஒரு தாள் எதையும் தடுத்ததில்லை.

மூன்று கேள்விகள். சடங்கே வேண்டாமா, சிலவற்றை வைத்துக்கொள்ளலாமா? வைத்துக்கொள்ளலாம் என்றால் கோட்டை எங்கே போடுவது? மகளிர் அணியில் "எங்களிடம் அப்படியெல்லாம் எதுவும் கிடையாது" என்கிறார்கள். அதை அப்படியே ஏற்றுக்கொள்ளலாமா?

தரவு

மூன்றாவதிலிருந்து தொடங்குகிறேன். அந்தப் பதில் மகளிர் அணிக்கு மட்டும் உரியதில்லை, ஆண்களிடம் கேட்டாலும் அதேதான் வரும். 1999ல் ஆல்ஃப்ரட் பல்கலைக்கழகம், என்சிஏஏ என்ற கல்லூரி விளையாட்டு அமைப்போடு சேர்ந்து அமெரிக்கக் கல்லூரி வீரர்களிடம் ஆய்வு நடத்தியது. "அணியில் சேர உங்களுக்கு ஹேசிங் (ராகிங்குக்கு அங்குள்ள பெயர்) நடந்ததா?" என்று நேராகக் கேட்டபோது ஆம் என்றவர்கள் 12 சதவீதம். ஹேசிங் என்ற சொல்லை விட்டுவிட்டு, செயல்களை வரிசையாக எழுதி "இதில் எது எது நடந்தது?" என்று கேட்டபோது 80 சதவீதம் பேர் ஏதாவது ஒன்றைக் குறித்திருந்தார்கள். ஐந்தில் ஒருவருக்கு நடந்தது, வழக்குப் போடக்கூடிய அளவுக்கு மோசமானது. பாதிப் பேருக்கு நடந்ததில் மது இருந்தது. 2008ல் ஆலனும் மாடனும் வெளியிட்ட ஆய்வில் 53 கல்வி நிறுவனங்களின் 11,482 மாணவர்கள் பதில் சொன்னார்கள். அங்கே பல்கலைக்கழக அணி வீரர்களில் 74 சதவீதம் பேருக்கு ஏதாவது நடந்திருக்கிறது. அப்படி நடந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் அதை ஹேசிங் என்றே நினைக்கவில்லை.

ஆகவே உங்கள் குறிப்பை எழுதுவதற்கு முன் பெயரில்லாத தாளில் செயல்களைக் கேளுங்கள். தூங்கவிடாமல் வைத்தார்களா, கண்ணைக் கட்டினார்களா, உடையைக் குறைக்கச் சொன்னார்களா, உடம்பில் எழுதினார்களா, குடிக்க வைத்தார்களா, தண்ணீரோ வேறு எதையுமோ அளவுமீறி உள்ளே தள்ள வைத்தார்களா, முடியை வெட்டினார்களா, எதிர்பாலினத்தாரைப் போல உடுத்தச் சொன்னார்களா, பாலியல் செயலை நடித்துக் காட்டச் சொன்னார்களா, அந்தரங்கக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் விடமாட்டோம் என்றார்களா, படம் எடுத்தார்களா. ஒவ்வொன்றுக்கும் "எனக்கு நடந்தது", "நான் செய்தேன்", "நான் பார்த்தேன்" என்று மூன்று கட்டம். ஆண், பெண் அணிகளுக்கு ஒரே தாள்தான். தனித்தனித் தாள் போட்டால் கேட்கிறவரின் முன்முடிவு அந்தத் தாளிலேயே வந்து உட்கார்ந்துவிடும்.

ஏழாம்நம்பர்

தாள் சரி. ஆனால் எல்லாவற்றையும் ஒரே கூடையில் போடாதீர்கள். ஒன்றாகக் கஷ்டப்பட்டவர்கள்தான் ஒன்றாக நிற்பார்கள். மழையில் ஓடவிடுவது, எல்லோர் முன்னாலும் பாட வைப்பது, பந்துப்பையைத் தூக்க வைப்பது, இதெல்லாம் இல்லாமல் ஒரு பதினேழு பதினெட்டு வயதுப் பையன் எப்படி அணிக்காரன் ஆவான்? வெளியாட்களுக்கு இது புரியாது.

தரவு

ஏழாம்நம்பர் சொல்வதில் ஒரு பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதி எது என்று சோதித்தே பார்த்திருக்கிறார்கள்.

1959ல் ஆரன்சனும் மில்ஸும் 63 கல்லூரிப் பெண்களை ஒரு விவாதக் குழுவில் சேர்ப்பதாகச் சொல்லி மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினர் ஆபாசச் சொற்களையும் பத்திகளையும் ஆய்வாளரான ஓர் ஆணின் முன் உரக்கப் படிக்க வேண்டும். இன்னொரு பிரிவுக்கு லேசான சொற்கள். மூன்றாவது பிரிவுக்கு எதுவும் இல்லை. பிறகு எல்லோரையும் வேண்டுமென்றே சலிப்பாகத் தயாரித்த ஓர் உரையாடலைக் கேட்க வைத்தார்கள். அதிகம் கூசிப்போனவர்கள்தான் அந்தக் குழுவை மிக உயர்வாக மதிப்பிட்டார்கள். அவமானம் பெரிதாக இருந்ததால், அதற்கு ஈடாகக் குழுவைப் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. குழு என்னவோ அதே சலிப்பான குழுதான். (பெண்களைக் கூச வைக்க அந்த ஆய்வு தேர்ந்தெடுத்த வழி எது என்பதையும் கவனியுங்கள். இந்த இழையின் தலைப்புக்கு அதுவும் பொருந்தும்.)

சடங்குக்குப் பின் "என் அணி மாதிரி உண்டா" என்ற உணர்வு ஏறுவது உண்மை. அணி களத்தில் சேர்ந்து ஆடுவது அதனால் ஏறுவதில்லை. 2007ல் வான் ரால்ட்டும் கூட்டாளிகளும் விளையாட்டு வீரர்களிடம் அளந்து பார்த்தார்கள். ஹேசிங் அதிகமாக நடந்த இடங்களில் ஆட்டத்துக்குரிய ஒற்றுமை குறைவாக இருந்தது. ஒழுங்கான அணி சேர்ப்பு நிகழ்ச்சிகள் இருந்த இடங்களில் வீரர்களுக்குள் நெருக்கம் அதிகம். கஷ்டத்தை எல்லோரும் சேர்ந்து பட்டால் பிணைப்பு வரும். மழையில் சீனியரும் ஓடட்டும், எனக்கு ஆட்சேபமே இல்லை. சீனியர் குடைக்குள் நின்று பார்க்க ஜூனியர் மட்டும் ஓடினால் அங்கே கற்றுக்கொடுக்கப்படுவது யாருக்கு யார் கீழ் என்பது ஒன்றுதான்.

வலைப்பக்கம்

மகளிர் அணிகளோடு வேலை செய்பவள் என்ற முறையில் சொல்கிறேன். "எங்களிடம் எதுவும் இல்லை" என்பதைத் தயவுசெய்து அப்படியே எழுதிவைக்காதீர்கள்.

அடி, உதை, கட்டிப்போடுதல் என்று தேடினால் மகளிர் அணியில் குறைவாகத்தான் கிடைக்கும். தரவு சொன்ன அதே 1999 ஆய்வில், பெண்களுக்கு மற்ற வகைகளைவிட மது சார்ந்ததே அதிகம் நடந்திருந்தது. அதோடு வேறு வடிவங்களும் உண்டு, அவற்றைத் தேடத் தெரிந்திருக்க வேண்டும். உள்ளாடையோடு நிறுத்தி, தொடையிலும் வயிற்றிலும் "குறைக்க வேண்டிய இடம்" என்று மார்க்கரால் வட்டம் போடுவது. புதியவர்களை அழகு வரிசைப்படி நிற்க வைப்பது. ஆண்கள் அணியின் பார்ட்டிக்கு அழைத்துப்போய் இன்னாரிடம் பேசு, இன்னாரிடம் முத்தம் வாங்கி வா என்று வேலை கொடுப்பது. ஒரு வாரம் ஒருத்தியோடு யாரும் பேசக்கூடாது என்று முடிவெடுப்பது. கடைசியாகச் சொன்னது எந்தப் படத்திலும் சிக்காது, எந்த விதியிலும் வராது. பல அணிகளில் மிக நீண்ட நாள் காயம் அதனால்தான்.

2006ல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக மகளிர் கால்பந்து அணியின் படங்கள் இணையத்தில் வந்தன. கண்கட்டு, கட்டிய கைகள், உள்ளாடை, உடம்பில் எழுத்து, ஆண்கள் அணிக்காரர்கள் மடியில் ஆட வைத்தது. செய்தவர்களும் பெண்கள், பட்டவர்களும் பெண்கள். பார்ப்பவர்களாக ஆண்கள். 'நல்ல' பெண் என்றால் ஆணுக்குப் பிடித்தவள் என்ற கணக்கை அந்தச் சடங்கில் சீனியர் பெண்களே நடத்திக் கொடுத்தார்கள்.

இப்போது ஆண் அணியைப் பாருங்கள். புதியவனுக்குப் பாவாடை, லிப்ஸ்டிக், பெண் பெயர். அல்லது ஆடையில்லாமல் ஒருவன் பின் ஒருவனாக நடக்க வைப்பது, ஒருபாலுறவை நடித்துக் காட்டச் சொல்லிச் சிரிப்பது. இரண்டு இடத்திலும் கணக்கு ஒன்றுதான். கீழே இருப்பவன் என்று காட்ட அவனைப் பெண்ணாக்கு, அல்லது ஒருபாலீர்ப்பு உள்ளவனாக்கு. "எதற்கும் அசராதவன்தான் ஆம்பளை" என்பது அதன் மறுபக்கம், அதனால்தான் பையன்கள் புகார் சொல்வதே இல்லை. சொன்னால் சடங்கில் தோற்றவன் ஆகிவிடுகிறான். அணியில் உண்மையிலேயே ஒருபாலீர்ப்பு உள்ளவரோ திருநரோ இருந்தால் அந்த அறையில் அவர் நிலை என்ன என்று ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். "உண்மையைச் சொல்" விளையாட்டு என்பது மற்றவர்களுக்குப் பொழுதுபோக்கு, அவருக்கு விசாரணை.

குறிப்பு எழுதும்போது பயிற்சியாளரின் வாயையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பகலில் "பொம்பள மாதிரி ஓடாதே" என்று கத்துகிறவர், இரவில் வீரர்கள் ஒருவனுக்குப் பாவாடை கட்டியதைக் கண்டிக்க முடியாது. பாடம் எங்கிருந்து வந்தது என்று அவர்களுக்குத் தெரியும்.

ஏழாம்நம்பர்

பெண் வேடம் போடுவது தொழில்முறை அணிகளிலேயே நடந்ததுதானே? யாரும் கட்டாயப்படுத்தவில்லை, சிரித்துக்கொண்டே போட்டார்கள்.

சட்டப்பிரிவு

நடந்தது, நிறுத்தினார்கள். அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பாலில் புதியவர்களுக்குப் பெண் வேடம் போட்டுப் பயணம் அனுப்புவது பல வருட வழக்கம். 2016 டிசம்பரில் வந்த கொள்கை பெண் வேடத்தையும், இனம், பாலினம், பாலீர்ப்பு போன்றவற்றை இழிவுபடுத்தக்கூடிய வேடங்களையும் தடை செய்தது. கட்டாயப்படுத்துவதை மட்டுமல்ல, தூண்டுவதையும் சேர்த்தே தடுத்தது.

"சிரித்துக்கொண்டே போட்டார்கள்" என்ற வாதத்துக்குச் சட்டத்தில் இடம் குறைந்துகொண்டே வருகிறது. பிரான்சில் 1998ல் வந்த சட்டத்தில் "விரும்பியோ விரும்பாமலோ" என்று வெளிப்படையாகவே இருக்கிறது. ஒருவரை இழிவான செயலுக்கு ஆளாக்கினால் 6 மாதச் சிறை, 7,500 யூரோ அபராதம். 2017 திருத்தத்தில் விளையாட்டுத் துறையும், அளவுமீறிக் குடிக்க வைப்பதும் சேர்ந்தன. அமெரிக்காவில் 2024 டிசம்பரில் கையெழுத்தான கூட்டாட்சிச் சட்டமும் சம்பந்தப்பட்டவரின் விருப்பத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. கல்லூரிகள் ஹேசிங் சம்பவங்களை எண்ணி வெளியிட வேண்டும் என்கிறது. அதில் விளையாட்டுக்காரர்கள் படிக்க வேண்டிய ஓர் இடம் உண்டு. அணியில் ஆட இயல்பாகத் தேவைப்படும் உடல் தயாரிப்பில் உள்ள அபாயம் விலக்கு, அதற்கு மேல் உருவாக்கும் அபாயம் ஹேசிங். ஆகவே "அது பயிற்சிதான்" என்று சொல்கிறவரிடம் கேட்க வேண்டியது: அது பயிற்சித் திட்டத்தில் எழுதப்பட்டிருந்ததா, எல்லோருக்குமா, உடல்தகுதிப் பயிற்சியாளர் பார்த்தாரா?

2007ல் ஜப்பானின் தொகிட்சுகாசே சூமோ கூடத்தில் 17 வயதுப் புதியவர் ஒருவர் அடிபட்டு இறந்தார். பயிற்சியின் பகுதி என்றுதான் முதலில் சொன்னார்கள். கூடத்தின் தலைவருக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது.

சம்மதத்தைப் பற்றி ஒரே வரி. ஆடும் பதினொன்றில் இடம் பெறுவது சீனியர்களின் நல்ல எண்ணத்தோடு கட்டப்பட்டிருக்கும் இடத்தில் "வேண்டாம்" என்று சொல்ல எவ்வளவு செலவாகும் என்று பாருங்கள். அது கட்டுப்படியாகாத செலவு என்றால் அங்கே சம்மதம் இல்லை.

ஆடுகள மருத்துவர்

உயிர் போவது எப்படி என்று தெரிந்தால் வாதம் சுருங்கும் என்பதால் இதை எழுதுகிறேன். கேப்டன்கள் கையில் இந்தப் பகுதி அவசியம் இருக்கட்டும்.

மது. ஒரு நிலையான அளவு (ஏறத்தாழ ஒரு சிறு பெக்) மதுவைக் கல்லீரல் கரைக்க ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். பத்து நிமிடத்தில் ஐந்தாறு அளவை ஊற்ற வைத்தால், குடிப்பதை நிறுத்திய பிறகும் அரை மணியிலிருந்து ஒன்றரை மணி வரை இரத்தத்தில் அளவு ஏறிக்கொண்டே இருக்கும். "குடித்துவிட்டான், படுக்க வைத்துவிட்டோம், சரியாகிவிடும்" என்று எல்லோரும் கலைவது சரியாக அந்த நேரத்தில்தான். காபி, குளிர்ந்த நீர், நடக்க வைப்பது எதுவும் அளவைக் குறைக்காது. குளிர்ந்த நீர் உடல் வெப்பத்தை மேலும் இறக்கும். எழுப்பினால் விழிக்காதது, நிமிடத்துக்கு 8 முறைக்குக் குறைவான மூச்சு, இரண்டு மூச்சுக்கு நடுவே 10 விநாடிக்கு மேல் இடைவெளி, நீலம் பாய்ந்த உதடு, வலிப்பு, இவற்றில் ஒன்று இருந்தாலும் ஆம்புலன்ஸ். வரும்வரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து, ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்கக்கூடாது. பெண்களுக்கு, அதே உடல் எடை இருந்தாலும், உடலில் நீரின் பங்கு குறைவு என்பதால் அதே அளவு மதுவில் இரத்த அளவு அதிகமாக ஏறும். மகளிர் அணியில் மது விளையாட்டை "லேசானது" என்று சொல்வதில் இதுவும் ஒரு தப்பு.

தண்ணீர். "மது இல்லையே, வெறும் தண்ணீர்தானே" என்று மாற்றிக்கொள்கிறார்கள். சிறுநீரகம் மணிக்கு ஏறத்தாழ 0.8 முதல் 1 லிட்டர்தான் வெளியேற்றும். அதற்கு மேல் மணிக்கணக்கில் ஊற்றினால் இரத்தத்தில் சோடியம் விழும், மூளை வீங்கும். தலைவலி, வாந்தி, குழப்பமான பேச்சு, பிறகு வலிப்பு. இது வறட்சி என்று நினைத்து இன்னும் தண்ணீர் கொடுத்துவிடுவார்கள். 2005ல் கலிஃபோர்னியாவின் சிக்கோவில் ஒரு மாணவர் சங்கத்தின் சேர்ப்புச் சடங்கில் ஓர் இளைஞர் இப்படித்தான் இறந்தார்.

தண்டனை உடற்பயிற்சி. பழக்கமில்லாத உடம்பில் நூற்றுக்கணக்கில் தண்டாலும் உட்கார்ந்தெழுவதும் வாங்கினால் தசை நார்கள் உடைந்து அவற்றின் புரதம் சிறுநீரகத்தை அடைக்கும். அடுத்த ஒன்று முதல் மூன்று நாளில் சாதாரண உளைச்சலுக்கு மீறிய வலி, வீக்கம், கருந்தேநீர் நிறத்தில் சிறுநீர். இப்யூபுரோஃபன் வகை வலிமாத்திரை கொடுக்காமல் நேராக மருத்துவமனை. விடுமுறைக்குப் பின் முதல் வாரமும் வெயிலும் சேர்ந்தால் அபாயம் பெருகும். அரிவாள் செல் பண்பு (இரத்தச் சிவப்பணு சார்ந்த மரபுப் பண்பு) உள்ளவர்களுக்கு இன்னும் அதிகம், அந்தப் பண்பு தங்களுக்கு இருப்பது பலருக்குத் தெரியாது.

டேப்பால் கட்டுவது, பைக்குள் அல்லது கார் டிக்கிக்குள் போடுவது, மார்பின் மேல் பலர் ஏறி அமர்வது: மூச்சடைப்பு. கட்டப்பட்டவர் வாந்தி எடுத்தால் திரும்பிப் படுக்கவும் முடியாது.

எல்லைக்கோடு

மருத்துவருக்கு நன்றி, இதை அப்படியே அச்சிட்டுவிடுகிறேன். நடுவில் இருப்பவைதான் குழப்பம். பாடுவது, பந்துப்பை, சட்டை எண் கொடுப்பது. இவற்றை எப்படிப் பிரிப்பது?

விசில்

பிரிப்பதற்கு நான்கு கேள்வி போதும். சீனியர்களும் அதே நேரத்தில் அதையே செய்கிறார்களா? அறைக் கதவைத் திறந்து வைத்து, பெற்றோரும் கிளப் செயலாளரும் பார்க்கச் செய்ய முடியுமா? செய்யாதவருக்கு எதுவும் குறையாதா? போன் எடுத்தால் யாராவது பதறுவார்களா?

பாட்டு: எல்லோரும் பாடினால், ஜோடியாகப் பாடினால், பாடாமல் ஒரு வீரரை அறிமுகம் செய்து பேசலாம் என்ற மாற்று இருந்தால் சரி. புதியவர் மட்டும் நாற்காலி மேல் நின்று பாட, மற்றவர்கள் ரொட்டி எறிந்தால் சரியில்லை. பந்துப்பை: முதல் இரண்டு வாரம் சீனியர்கள் தூக்கட்டும், பிறகு எல்லோருக்கும் அகரவரிசைப்படி முறை. இந்த ஒரு மாற்றம் எந்தச் சொற்பொழிவையும் விட வேகமாக வேலை செய்யும், ஏனென்றால் புதியவர் முதல் நாளே கண்ணால் பார்த்துவிடுகிறார்.

சடங்கே வேண்டாம் என்பவர்களுக்கு: வெறுமனே தடை போட்ட இடங்களில் அது மைதானத்திலிருந்து யாரோ ஒருவர் அறைக்கு இடம் மாறியது, அங்கே பெரியவர்கள் யாரும் இல்லை. புதியவருக்கு ஒரு நுழைவாசல் வேண்டும். 1909லேயே சடங்குகளை ஆராய்ந்த வான் ஹெனப் சொன்ன வரிசை இன்னும் பயன்படுகிறது: பழைய இடத்திலிருந்து பிரிப்பு, இடைநிலை, பிறகு சேர்ப்பு. ராகிங் நடுப்பகுதியை மட்டும் பிடித்துக்கொண்டு கடைசிப் பகுதியை அடுத்த வருடம் வரை தள்ளிப்போடுகிறது. நாம் கடைசிப் பகுதியைப் பெரிதாக்கிவிட்டால் போதும்.

ஆறு வாரம் இருக்கிறது என்கிறீர்கள். இப்படிப் பிரித்துக்கொள்ளலாம்.

சீசனுக்கு முன் ஆறாவது, ஐந்தாவது வாரம்: தரவு சொன்ன தாள். பதில்களை அணித்தலைவர்களும் பயிற்சியாளரும் சேர்ந்து படிக்க வேண்டும், ஒருவர் மட்டும் வைத்துக்கொள்ளக்கூடாது.

நான்காவது வாரம்: இரண்டாம் ஆண்டுக்காரர்களோடு மட்டும் தனிக் கூட்டம். இதைத் தவறவிட்ட இடத்தில்தான் திட்டம் கவிழும். காரணம் கீழே சொல்கிறேன்.

மூன்றாவது வாரம்: ஒவ்வொரு புதியவருக்கும் கேப்டனே பெயர் சொல்லி அழைத்துப் பேச வேண்டும். குழுவில் பொதுச்செய்தி போடுவது கணக்கில் வராது. பேச்சில் முதல் வாரத்தில் என்ன நடக்கும், எங்கே, எத்தனை மணிக்கு முடியும், வீடு திரும்ப வண்டி என்ன என்பது எல்லாம் வந்துவிட வேண்டும். ரகசியம் என்பதே இருக்கக்கூடாது. "வந்து பார், தெரியும்" என்ற சொல்லில்தான் பயம் தொடங்குகிறது.

அதே வாரம் ஜோடி சேர்த்தல். ஒரு சீனியர், ஒரு புதியவர். ஒரே இடத்துக்குப் போட்டியிடுபவர்களைச் சேர்க்காதீர்கள். கோல்கீப்பரோடு கோல்கீப்பரைப் போட்டால் வழிகாட்டியே போட்டியாளர். ஜோடியை மாற்றிக் கேட்க ஒரு வழி வையுங்கள், காரணம் கேட்காதீர்கள்.

சீசனின் முதல் வாரம்: சேர்ந்து செய்யும் ஒரு கடினமான காரியம். மலையேற்றம், படகு கட்டிக் கடப்பது, நீண்ட தொடர் ஓட்டம், எதுவானாலும். ஆறிலிருந்து எட்டுப் பேர் கொண்ட கலப்புக் குழுக்கள், கேப்டன்கள் வெவ்வேறு குழுவில். நேரத்தைக் கடைசி ஆள் முடிக்கும்போதுதான் நிறுத்த வேண்டும். முதல் ஆளை வைத்து அளந்தால் பலவீனமானவர் அன்றைக்கே அடையாளம் காட்டப்பட்டுவிடுவார். கண்கட்டி நம்பிக்கை சோதிக்கும் விளையாட்டுகளை விட்டுவிடுங்கள், ஏற்கெனவே வேறு இடத்தில் கண்கட்டப்பட்டவர் யார் என்று நமக்குத் தெரியாது.

இரண்டாம் வார இறுதி: சட்டை கொடுப்பது. அந்த எண்ணைக் கடைசியாக அணிந்தவர் வந்து கொடுத்தால் நல்லது, இல்லையென்றால் ஜோடி சீனியர். கொடுக்கும்போது புதியவர் இரண்டு வாரத்தில் களத்தில் செய்த ஒரு நல்ல காரியத்தைச் சொல்ல வேண்டும், பொதுவான பாராட்டு வேண்டாம். அதைச் சொல்ல சீனியர் இரண்டு வாரம் அவரைக் கவனித்திருக்க வேண்டும் அல்லவா, சடங்கின் நிஜமான பயனே அதுதான். சட்டை கைக்கு வந்ததும் "புதியவர்" என்ற தகுதி அன்றோடு முடிகிறது என்று அறிவியுங்கள். பட்டப்பெயர், தனி வேலை எதுவும் அதன்பின் கிடையாது.

எங்கே உடையும்? நிகழ்ச்சி ஒன்பது மணிக்கு முடிந்து பயிற்சியாளர் கிளம்பியதும் "இப்போது உண்மையான விருந்து" என்று இன்னொன்று தொடங்கும். முதல் வெளியூர்ப் பயணத்தின் பேருந்துக் கடைசி வரிசையிலும், ஹோட்டல் அறையிலும் உடையும். விருப்பமில்லாதவர் கையைத் தூக்கச் சொல்வதும் உடையும் இடம்தான். எல்லோர் முன்னாலும் விலகச் சொன்னால் யாரும் விலகமாட்டார்கள். விலகல் முன்கூட்டியே, தனியாக, அணித் தேர்வில் கை இல்லாத ஒருவருக்குச் செய்தி அனுப்பும் முறையில் இருக்க வேண்டும்.

ஏழாம்நம்பர்

பந்துப்பை விஷயம் ஏற்கலாம் போலத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டாம் ஆண்டுக்காரர்களை என்ன செய்வீர்கள்? போன வருடம் எல்லாவற்றையும் தாங்கியவர்கள் அவர்கள். "எங்கள் முறை வரும்போது மட்டும் நிறுத்துகிறீர்களா" என்று நியாயமாகவே கேட்பார்கள்.

விசில்

அதற்குத்தான் தனிக் கூட்டம். நேற்று மருமகளாக இருந்தவள் இன்று மாமியார் ஆகும் வேகம் அணிகளில் ஒரே வருடம்தான்.

மூன்று விஷயம் செய்யுங்கள். முதலில், அவர்களுக்கு நடந்தது தவறு என்று கிளப் சார்பில் வாய்விட்டுச் சொல்லுங்கள். இதைச் சொல்லாமல் "இனிமேல் கூடாது" என்றால், அவர்கள் பட்டது வீண் என்றுதான் காதில் விழும். இரண்டாவது, நல்வரவு நிகழ்ச்சியை அவர்கள் கையில் கொடுங்கள், ஏனென்றால் முதல் வாரம் எப்படி இருக்கும் என்பது அவர்களுக்குத்தான் மறக்காமல் இருக்கிறது. பணமும் வண்டியும் நேரமும் கொடுத்து, நான் மேலே சொன்ன நான்கு கேள்விக்கும் எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். மூன்றாவது, அவர்களுக்கும் ஓர் உயர்வு காட்டுங்கள். பயிற்சித் திட்டம் பற்றிய கூட்டத்தில் ஓர் இருக்கை, பயணத்தில் இருக்கை தேர்வு, ஏதோ ஒன்று. மதிப்பு ஏறுகிறது என்பது தெரிந்தால் அதைப் புதியவரை மிதித்துக் காட்ட வேண்டியதில்லை.

எல்லைக்கோடு

சரி, இவ்வளவும் செய்தும் ஒரு புகார் வருகிறது. முதல் நாள் என்ன செய்வது?

சட்டப்பிரிவு

18 வயதுக்குட்பட்டவர் சம்பந்தப்பட்டிருந்தால், அல்லது பாலியல் தன்மை இருந்தால், கிளப் விசாரணை என்று எதையும் தொடங்காதீர்கள். காவல்துறைக்கும் குழந்தைப் பாதுகாப்பு அமைப்புக்கும் அன்றே தகவல். ஆண் அணியில் பொருளைக் கொண்டு உடலுக்குள் நுழைக்கும் செயலை "விளையாட்டு மிஞ்சிவிட்டது" என்று எழுதும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அது பாலியல் வன்முறை. பெண்ணுக்கு நடந்தால் என்ன சொல்லால் எழுதுவீர்களோ அதே சொல்லால் பையனுக்கும் எழுதுங்கள்.

மற்ற புகார்களில்: சொன்னவரையும் கேப்டனையும் ஒரே அறையில் உட்கார வைக்காதீர்கள். மொத்த அணியையும் கூட்டி "யார் சொன்னது" என்ற நிலைக்குப் போகாதீர்கள். ஒவ்வொருவரையும் தனியாக, அதே நாளில், நடந்த செயலைக் குறித்துக் கேளுங்கள். ஒரு நாள் தள்ளினாலே எல்லோரும் ஒரே கதையை ஒப்பிப்பார்கள். செய்திகளின் ஸ்கிரீன்ஷாட்களைத் தேதி தெரியும்படி பாதுகாக்கச் சொல்லுங்கள். ஆனால் சிறார் ஆடையின்றி இருக்கும் படத்தை யாருக்கும் அனுப்பவோ உங்கள் போனில் வாங்கி வைக்கவோ கூடாது, அதுவே குற்றம். படம் இருக்கும் போனைக் காவல்துறையிடம் காட்டச் சொல்லுங்கள். புகார் சொன்னவரை "பாதுகாப்புக்காக" அணியிலிருந்து ஓய்வு கொடுக்காதீர்கள், தண்டனை என்று எல்லோரும் அதைத்தான் படிப்பார்கள். விலக்கி வைக்கப்பட வேண்டியவர் எதிர்த்தரப்பு.

பொய்யின் விலையையும் வீரர்களுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். வெர்மான்ட் பல்கலைக்கழக ஐஸ் ஹாக்கி அணியின் சீசன் 2000 ஜனவரியில் பாதியில் ரத்தானது, விசாரணையில் வீரர்கள் பொய் சொன்னதால். 2005ல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகமும் ஹேசிங் புகாருக்குப் பின் தன் கனடிய ஃபுட்பால் (கையில் பந்தை ஏந்தி ஆடும் ஆட்டம்) அணியின் மீதி சீசனை நிறுத்தியது.

ஆடுகள மருத்துவர்

பாலியல் தன்மை உள்ள சம்பவம் என்றால் இதையும் சேருங்கள். குளிப்பதற்கோ உடை மாற்றுவதற்கோ முன் மருத்துவமனை. மாற்றிவிட்டார்கள் என்றால் உடைகளைக் காகிதப் பையில் தனித்தனியாக வையுங்கள். பிளாஸ்டிக்கில் ஈரம் தங்கித் தடயம் கெடும். எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு முன்னால் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. ஆணுக்கும் இது எல்லாம் பொருந்தும். பையன்களை அழைத்துப்போகும்போது பரிசோதிப்பவர் ஆணா பெண்ணா என்பதை அவரே தேர்ந்தெடுக்கட்டும்.

வலைப்பக்கம்

இரண்டு அணிக்கும் பொதுவான குறிப்பு என்பதால் கடைசியாக இரண்டு விஷயம். ஆண், மகளிர் அணிகள் சேர்ந்து நடத்தும் நிகழ்ச்சியில் புதியவர்கள் மட்டும் எதிர் அணியின் முன் ஏதாவது செய்து காட்டும் பகுதி இருக்கவே கூடாது என்று தனி வரியாக எழுதுங்கள். பொதுவான விதிக்குள் அடங்கிவிடும் என்று விட்டால், மகளிர் அணியில் அதை யாரும் விதிமீறலாகப் பார்ப்பதில்லை.

பயணத்தில் அறை ஒதுக்கீட்டைச் சீனியர்களிடம் விடாதீர்கள். பட்டியலை மேலாளர் போடட்டும். புதியவர் ஒருவரை மூன்று சீனியர்களோடு ஒரே அறையில் போடாமல், அறைக்குக் குறைந்தது இரண்டு புதியவர் இருக்கும்படி பார்த்துக்கொள்ளட்டும். முதல் பயணத்தில் இரவு பத்தரைக்கும் பன்னிரண்டுக்கும் ஒருவர் தாழ்வாரத்தில் நடந்து வரட்டும். மகளிர் அணியோடு பெண் ஊழியர் ஒருவர் கட்டாயம் பயணிக்க வேண்டும், ஓட்டுநருக்கும் பிசியோவுக்கும் இருப்பது போல அந்தச் செலவுக்கும் பட்ஜெட்டில் ஒரு வரி வேண்டும்.

எல்லைக்கோடு

எழுதிக்கொண்டேன். தாளின் கேள்விகளை முதலில் தயாரித்து இங்கேயே போடுகிறேன். விடுபட்ட செயல் எது இருந்தாலும் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள், திங்கள் காலை இரண்டு அணிக்கும் கொடுக்க வேண்டும்.